ரோபோ கொலை செய்தால் கொலையாளி யார்?

தானியங்கிக் கார் யார்மீதோ மோதிவிட்டது, தொழிற்சாலையில் இயந்திரக் கை ஒருவரை நசுக்கிவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழும். “இயந்திரம்தானே செய்தது, யாரைக் குற்றம் சொல்வது?” என்பது ஒன்று. “அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் ரோபோக்களுக்கு வகுத்த மூன்று விதிகளை அதற்குள் எழுதி வைத்திருந்தால் இப்படி நடந்திருக்குமா?” என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்களில் பலர் அசிமோவைப் படித்ததில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். படித்தவர் அப்படிக் கேட்க மாட்டார். அந்த விதிகள் எங்கெங்கே ஒழுகுகின்றன என்பதைத்தான் அவர் கதை கதையாக எழுதினார்.

1957இல் புத்தகமாக வந்த ‘தி நேக்கட் சன்’ அவற்றில் ஒன்று. எதிர்காலத்தில், வேறொரு கிரகத்தில் நடக்கும் துப்பறியும் நாவல். விறுவிறுப்புக்காகத்தான் கையில் எடுப்போம். பாதி தாண்டுவதற்குள், ஒரு சாவுக்கு இன்னார் பொறுப்பு என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்ற கேள்வி வந்து பிடித்துக்கொள்ளும். அந்தக் கேள்வியை இங்கே அடியிலிருந்து பார்ப்போம். சட்டமோ கம்ப்யூட்டரோ படித்திருக்க வேண்டியதில்லை. நாவலில் கொலையாளி யார் என்பதைச் சொல்ல மாட்டேன். ஆனால் நாவல் அவிழ்க்கும் சூட்சுமம் ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. அதுவும் வேண்டாம் என்பவர்கள் நாவலை முடித்துவிட்டு வரலாம்.

கொலையே நடக்க முடியாத ஊர்

மூன்று விதிகளும் முழு வடிவில் முதலில் வந்தது 1942இல் வெளியான ஒரு சிறுகதையில். சுருக்கம் இதுதான். ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது. தீங்கு நேர்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் கூடாது; இது முதல் விதி. அதற்கு முரண்படாதவரை மனிதரின் கட்டளைக்குப் பணிய வேண்டும். இவ்விரண்டுக்கும் முரண்படாதவரை தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும்.

நாவல் நடக்கும் கிரகம் சோலேரியா. அங்கே மனிதர்கள் 20,000 பேர்தான். ரோபோக்கள் ஆளுக்குப் பத்தாயிரம் வீதம் 20 கோடி. மனிதர்கள் தனித்தனிப் பண்ணைகளில் வாழ்ந்துகொண்டு முப்பரிமாண உருவங்களாகத் தோன்றிப் பேசிக்கொள்கிறார்கள். இன்னொருவரின் மூச்சுக்காற்று படும் தூரத்தில் நிற்பதே அவர்களுக்குக் குமட்டல். போலீஸ் கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் மண்டை உடைந்து செத்துக் கிடக்கிறார். அந்நியர் யாரும் அருகில் போயிருக்க மாட்டார்கள். ரோபோவால் கொல்ல முடியாது. பக்கத்தில் இருந்த ரோபோவோ, மனிதர் ஒருவர் சாவதைத் தடுக்க முடியாத அதிர்ச்சியில் மூளை கலங்கி, சாட்சி சொல்லும் நிலையில் இல்லை. மிஞ்சுவது மனைவி ஒருத்தி.

துப்பறிய பூமியிலிருந்து எலைஜா பெய்லி என்ற போலீஸ்காரரை வரவழைக்கிறார்கள். கூரை மூடிய நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர் அவர். திறந்த வானத்தின் கீழ் நின்றால் கால் நடுங்கும். அந்த நடுக்கத்தை அசிமோவ் எழுதியிருக்கும் விதத்துக்காகவே நாவலை ஒருமுறை படிக்கலாம்.

உள்ளே தாழிட்ட அறையில் பிணம் கிடக்கும் கதைகளைத் துப்பறியும் கதை வாசகர்கள் நன்றாக அறிவார்கள். சோலேரியாவில் தாழ்ப்பாளாக இருப்பது முதல் விதி. இதில் அசிமோவுக்கு ஒரு சவாலும் இருந்தது. அவரை வளர்த்த பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல், அறிவியல் புனைகதையும் துப்பறியும் கதையும் ஒட்டவே ஒட்டாது என்று கருதியவர். எதிர்காலத் துப்பறிவாளர் கடைசி நிமிடத்தில் சட்டைப்பையிலிருந்து ஒரு புதிய கருவியை எடுத்துக் கொலையாளியைக் காட்டிவிடலாமே, வாசகர் எதை வைத்து யோசிப்பார்? எதிர்காலத்தின் விதிகளை ஆரம்பத்திலேயே வாசகர் கையில் கொடுத்துவிடுவதுதான் அசிமோவ் கண்ட வழி. விடை அந்த விதிகளுக்குள்ளேயே இருக்கும், வெளியிலிருந்து எதுவும் வராது.

பந்தியில் நடக்கக்கூடியது

விடைக்குப் போகுமுன் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வருவோம். வேர்க்கடலை பட்டாலே தொண்டை வீங்கி மூச்சடைக்கும் ஒவ்வாமை உள்ள பெரியவர் ஒருவர் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். சட்னி அரைத்தவருக்கு அதில் வேர்க்கடலை இருப்பது தெரியும். யார் சாப்பிடப்போகிறார் என்பது தெரியாது. பரிமாறும் பையனுக்கு இலைக்கு முன்னால் யார் இருக்கிறார் என்பது தெரியும். சட்னியில் என்ன இருக்கிறது என்பதோ அவருடைய ஒவ்வாமையோ தெரியாது. எல்லாம் தெரிந்த உறவினர் ஒருவர் காலையில் சமையல்கட்டுக்குப் போய், “தேங்காயைக் குறைத்துக்கொண்டு கடலை போட்டு அரையுங்கள்” என்கிறார். பிறகு பந்திக்கு வந்து, “தம்பி, பெரியப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் சட்னி வை” என்கிறார். அவ்வளவுதான். அவர் எந்தக் கரண்டியையும் தொடவில்லை.

பெரியவர் இறந்துபோனால் கொன்றது யார்? பரிமாறிய பையனை நாலு அறை அறைகிற ஆட்கள் கூட்டத்தில் இருப்பார்கள்தான். ஆனாலும் நிதானமாகக் கேட்டால், அரைத்தவரையோ பையனையோ யாரும் கொலையாளி என்று சொல்ல மாட்டார்கள். அவர்கள் இருவருடைய கைகளையும் சேர்த்து ஓர் ஆயுதமாக்கிக்கொண்டவர் அந்த உறவினர்.

இரண்டு ரோபோக்கள், ஒரு கோப்பைப் பால்

பெய்லி பிடிக்கும் நுனி இதுதான். ரோபோவிடம் “இவருக்கு நஞ்சு கொடு” என்று சொன்னால் அது அசையாது. ஆனால் முதல் ரோபோவிடம், “இந்தத் திரவத்தைப் பாலில் கலந்து வை. பாலில் என்ன மாற்றம் வருகிறது என்று பார்க்க வேண்டும், பிறகு கொட்டிவிடலாம்” என்று சொல்லலாம். யாரும் குடிக்கப்போவதில்லை என்று நம்பி அது கலந்து வைக்கும். அடுத்து இன்னொரு ரோபோவிடம், “அங்கே இருக்கும் பாலை விருந்தினருக்குக் கொண்டுபோய்க் கொடு” என்று சொல்லலாம். அதன் கண்ணுக்குப் பால் வெறும் பால். எடுத்துக்கொண்டு போகும்.

முதல் விதியை எந்த ரோபோவும் மீறவில்லை. ஆனால் மனிதர் செத்துவிட்டார். ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யாது என்று சோலேரியாவில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். தெரிந்தே தீங்கு செய்யாது என்பதுதான் அதன் சரியான வடிவம் என்று பெய்லி திருத்துகிறார். தீங்கு என்று அறிந்தால் மட்டுமே விதி விழித்துக்கொள்ளும். ஆகவே விதியை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. அறிவை இரண்டு துண்டாக்கி, துண்டுக்கு ஒரு ரோபோவை நிறுத்தினால் போதும்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்வோம். ஒரு சாவில் செயல் ஓரிடத்திலும் அறிவு வேறிடத்திலும் இருக்க முடியும். செயல் பல கைகளுக்குப் பிரிந்து கிடக்கும்போது, முழுப் படமும் யாருடைய தலையில் இருந்தது என்று தேட வேண்டும்.

புதருக்குப் பின்னால் ஒரு மனிதர்

இதை அசிமோவின் மூளையில் உதித்த விநோதம் என்று எண்ணிவிடக் கூடாது. குற்றவியல் சட்டம் வெகுகாலமாக இந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கிறது. உடல் செய்வதைக் குற்றச் செயல் என்றும், அதன் பின்னால் இருக்கும் நோக்கத்தையோ அறிவையோ குற்ற மனம் என்றும் சொல்வார்கள். கொலை என்று தீர்ப்பளிக்க இரண்டும் சேர வேண்டும்.

1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 299ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு வரும். ஒரு புதருக்குப் பின்னால் ஒருவர் இருப்பது முதலாமவருக்குத் தெரியும். துப்பாக்கி வைத்திருக்கும் இரண்டாமவருக்குத் தெரியாது. புதருக்குப் பின்னால் இருப்பவர் சாக வேண்டும் என்ற நோக்கத்துடன், அந்தப் புதரை நோக்கிச் சுடும்படி முதலாமவர் தூண்டுகிறார். அவர் சுடுகிறார்; மறைந்திருந்தவர் இறந்துபோகிறார். சுட்டவர் எந்தக் குற்றமும் செய்யாதவராக இருக்கலாம், தூண்டியவரோ மரணம் விளைவித்த குற்றவாளி என்கிறது சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 100ஆம் பிரிவிலும் அதே புதர் அப்படியே இருக்கிறது.

பாலைக் கொண்டுபோன ரோபோவும் துப்பாக்கியைப் பிடித்தவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். ஒருவர் தன் குற்றத்தை நிறைவேற்ற, உண்மை தெரியாத இன்னொருவரைப் பயன்படுத்திக்கொண்டால், அப்படிப் பயன்பட்டவரை அறியாக் கருவி என்று சொல்லலாம். மனிதரே அறியாக் கருவியாக முடியும் என்னும்போது, ரோபோ ஆவதில் வியக்க எதுவுமில்லை.

தெரியாது என்று சொன்னால் தீர்ந்ததா?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அறிவு இருந்தால்தான் பொறுப்பு என்றால், எதையும் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று ஆகிவிடாதா?

ஆகாது. அதற்கான விளக்கம் நம் கையிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொன்றது யார் என்று கேட்டுப் பாருங்கள். வாளை வீசியவன் குடிவெறியில் இருந்த ஒரு காவலன். ஏவியவன் பாண்டியன். பொய்யை மூட்டியவன், அரசியின் சிலம்பைத் தானே களவாடி வைத்திருந்த பொற்கொல்லன். முழு உண்மையும் தெரிந்தவன் பொற்கொல்லன் ஒருவன்தான்; பால் கதையில் கட்டளையிடுபவனின் இடம் அவனுக்கு. மற்ற காவலர்களுக்கு ஐயம் வந்தது. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைப் பொற்கொல்லன் பேசிப் பேசிக் கரைக்கிறான். அறியாக் கருவிகளை ஒருவன் எப்படித் தயார்செய்கிறான் என்பதற்கு இதைவிடத் துல்லியமான காட்சியை நான் எந்தத் துப்பறியும் கதையிலும் படித்ததில்லை.

பாண்டியனுக்கு எதுவும் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் அவன் இருந்தான். சிலம்பை உடைத்து உள்ளே முத்தா மாணிக்கமா என்று பார்க்கும் வேலை கொலைக்குப் பிறகு நடந்தது. முன்பே நடந்திருக்க வேண்டும். “யானோ அரசன் யானே கள்வன்” என்று அவன் சொல்லும்போது, பொற்கொல்லன் என்னை ஏமாற்றிவிட்டான் என்ற சாக்குக்குப் பின்னால் அவன் ஒளியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் கடமை தன்னுடையது என்று ஒப்புக்கொள்கிறான்.

சட்டம் இதைத் தனியாகவே வைத்திருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் கொலை ஆகாது, ஆனால் குற்றம்தான். சாலை விபத்துச் செய்திகளில் ‘304-ஏ’ என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். இப்போது அது புதிய சட்டத்தின் 106ஆம் பிரிவு. தெரிந்து செய்தவருக்கு ஒரு தட்டு, தெரிந்திருக்க வேண்டியவருக்கு இன்னொரு தட்டு, தெரிந்துகொள்ள வழியே இல்லாதவருக்கு மூன்றாவது. எல்லோரையும் ஒரே தட்டில் கொட்டினால் என்ன நடக்கும் என்பதும் அதே காப்பியத்தில் இருக்கிறது. பொற்கொல்லன் ஒருவன் செய்த பிழைக்காக ஆயிரம் பொற்கொல்லர்கள் பலியிடப்பட்டார்கள் என்று வரும் இடம் எனக்கு இன்றும் ஒப்பவில்லை.

டெம்பே நகரில் ஓர் இரவு

கதைகளை விட்டு வெளியே வருவோம். 2018 மார்ச் 18 அன்று இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பே நகரில், ஊபர் நிறுவனம் சோதனை ஓட்டத்தில் விட்டிருந்த தானியங்கிக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது மோதியது. அவர் இறந்துபோனார். ஓட்டுநர் இருக்கையில், அவசரத்துக்கு உதவ ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

விபத்தை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையை நாவலுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மோதலுக்கு 5.6 வினாடி முன்பே காரின் உணர்கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் அது வாகனமா, வேறு ஏதோ பொருளா, சைக்கிளா என்று மென்பொருள் மாற்றி மாற்றி முடிவெடுத்தது. நடைபாதைக் கோடு இல்லாத இடத்தில் ஒரு மனிதர் சாலையைக் கடப்பார் என்பதை அது கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. காரைத் தயாரித்த நிறுவனம் வைத்திருந்த தானியங்கி அவசர பிரேக், கம்ப்யூட்டர் ஓட்டும்போது வேலை செய்யாதபடி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. இருக்கையில் இருந்தவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அசிமோவின் முதல் விதி அந்தக் காருக்குள் இருந்திருந்தால்? ஒன்றும் மாறியிருக்காது. மனிதருக்குத் தீங்கு செய்யாதே என்ற விதி வேலை செய்ய, எதிரே இருப்பது மனிதர் என்று முதலில் தெரிய வேண்டும். சோலேரியாவின் ரோபோவிடமிருந்து ஒருவர் வேண்டுமென்றே உண்மையை மறைக்கிறார்; இந்தக் காருக்கு யாரும் எதையும் மறைக்கவில்லை, அறிந்துகொள்ளும் திறனே போதவில்லை. விளைவு என்னவோ ஒன்றுதான்.

சதிகாரர் என்று ஒருவர் இல்லாததால், பொறுப்பைத் தேடுவது இங்கே இன்னும் கடினம். மென்பொருள் எழுதியவர், சோதனைக்கு அனுமதி தந்தவர், பிரேக்கை நிறுத்தி வைக்க முடிவெடுத்தவர், இருக்கையில் இருந்தவர் என்று துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. யார் கையிலும் முழுப் படம் இல்லை. இந்த நிலையைப் பொறுப்பு இடைவெளி என்று சொல்வார்கள்: தீங்கு நிச்சயம் நடந்திருக்கிறது, அதை முழுமையாகச் சுமக்கும் அளவுக்கு அறிவும் கட்டுப்பாடும் உடைய ஆள் மட்டும் கிடைப்பதில்லை.

இடைவெளியை நிரப்ப, அருகில் இருப்பவரைப் பிடித்துப் போடுவது மனித வழக்கம். நிறுவனத்தின்மீது குற்ற வழக்குத் தொடர ஆதாரம் இல்லை என்று 2019இல் அரசு வழக்கறிஞர் தரப்பு முடிவெடுத்தது. இருக்கையில் இருந்தவர்மீது 2020இல் வழக்குப் பதிவாகி, 2023இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார். அவர் குற்றமற்றவர் என்று நான் வாதாடவில்லை. பார்க்க வேண்டிய சாலையை அவர் பார்க்கவில்லை. ஆனால் சங்கிலியில் அவர் ஒரு கண்ணி மட்டுமே. மேடலின் கிளேர் எலிஷ் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருக்கிறார். மோதலின்போது தான் நசுங்கி உள்ளிருப்பவரைக் காக்க, காரின் முன்பகுதியை நசுங்கும்படி வடிவமைப்பார்கள் அல்லவா? அதைப்போல, தானியங்கி அமைப்பு தவறும்போது பழியைத் தான் வாங்கி நசுங்கி, அமைப்பைக் காக்கும் மனிதரை அறத்தின் நசுங்கு பகுதி என்கிறார் அவர். பந்தியில் அறை வாங்கிய பையனின் இடம்தான் இது.

ரோபோவையே கூண்டில் ஏற்றினால்?

2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம், மிகவும் தன்னிச்சையாக இயங்கும் ரோபோக்களுக்குச் சட்டத்தின் பார்வையில் ஒரு வகை ஆள்தன்மை தருவது பற்றி யோசிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியது. ரோபோவைப் பொறுப்பாளி ஆக்கினால் தயாரித்தவர்கள் கைகழுவிவிடுவார்கள் என்று வல்லுநர்கள் பலர் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி என்பது என் கருத்து. சிறைக்கு அஞ்சாத, வெட்கப்படாத, இழப்பீடு கொடுக்கச் சொந்தப் பணமில்லாத ஒன்றைத் தண்டிப்பதால் யாருக்கு என்ன ஆகப்போகிறது?

வேடிக்கை என்னவென்றால், அசிமோவின் விதிகளைப் பற்றிய ஒரு நிதானமான வரியும் அதே தீர்மானத்தில் இருக்கிறது. அந்த விதிகளை இயந்திரக் கட்டளைகளாக மாற்ற முடியாது. ஆகவே அவை வடிவமைப்பவர்களுக்கும் தயாரிப்பவர்களுக்கும் இயக்குபவர்களுக்கும் சொல்லப்பட்டவையாகக் கொள்ளப்பட வேண்டும் என்கிறது அது. முகவரி மாறிப் போய்க்கொண்டிருந்த கடிதத்தை உரியவரிடம் சேர்த்ததுபோல இருக்கிறது.

நாவலின் பிற்பகுதியில், இரண்டு ரோபோ உத்தியை யாரோ ஒருவர் போர் அளவுக்குப் பெருக்கிப் பார்க்கிறார். மனிதரே இல்லாத, ரோபோ மூளையால் இயங்கும் போர்க்கப்பல். எதிரிக் கப்பல்களிலும் மனிதர் இல்லை என்று அதை நம்ப வைத்துவிட்டால், முதல் விதியை மீறாமலேயே எத்தனை பேரையும் அழிக்கும். 1950களில் இது கற்பனை. 2014 முதல் ஜெனிவாவில் நாடுகள் தானியங்கி ஆயுதங்களைப் பற்றிப் பேசி வருகின்றன. ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவுக்கான பொறுப்பை இயந்திரத்துக்கு மாற்றிவிட முடியாது, அது மனிதரிடமே இருக்க வேண்டும் என்று 2019இல் ஒரு கொள்கைப் பட்டியலில் ஒப்புக்கொண்டும் இருக்கின்றன. கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றை எழுதுவதில்தான் இழுபறி.

எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?

பெய்லியும் அவருடைய ரோபோக் கூட்டாளி டேனீலும் முதலில் சந்திப்பது 1954இல் வந்த ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ நாவலில். வரிசையாகப் படிப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். பொறுமை குறைந்தவர்கள் நேரே இரண்டாவதுக்குப் போனாலும் கதை புரியும். படிக்கும்போது ஒவ்வொரு விசாரணைக்குப் பிறகும் இன்னாருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எதை அவர் கேட்டிருக்க வேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். யார் எங்கே நின்றார் என்பதை மட்டும் குறித்தால் கடைசி அத்தியாயம் குழப்பும்.

மூன்றாவது நாவல் ‘தி ரோபாட்ஸ் ஆஃப் டான்’ வர 1983 ஆகிவிட்டது. சற்று நீளம், நடுவில் கொஞ்சம் இழுக்கும். ஆனால் அதில் கொல்லப்பட்டுக் கிடப்பது ஒரு ரோபோ. அதைக் கொலை என்று சொல்லலாமா என்பதிலிருந்தே பெய்லி விசாரணையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.